ஐந்து ‘ஆமாம்’

“எப்பவும் கேம் நெனப்பாவே இருக்கியா?”

“ஆமாங்க்கா.”

“கவலைய மறக்க ஆடுறியா?”

பக்கத்து வீட்டுப் பையன் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “அப்பா போனதுலேர்ந்து ராத்திரி தூக்கமே வரலக்கா. டீம்ல பசங்க முழிச்சிருப்பாங்க.”

என் கையிலிருந்த கேள்வித்தாளில் அதுவும் ஒரு ‘ஆமாம்’தான்.

2013இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் ‘இணைய விளையாட்டுக் கோளாறு’க்கு ஒன்பது அறிகுறிகளை வகுத்தது. ஓராண்டுக்குள் ஐந்து தென்பட்டால் கோளாறு. மேலும் ஆராய வேண்டியது என்று சங்கமே சொல்லியிருந்தும், ஆய்வாளர்கள் அந்தப் பட்டியலைக் கேள்வித்தாளாக்கி எண்ணத் தொடங்கிவிட்டார்கள். சூதாட்டத்துக்கும் போதைக்கும் வகுத்த அளவுகோலின் சாயல் அதில் அப்படியே இருக்கிறது. சூதாடி நாள் முழுக்கச் சூதையே நினைத்தால் அது ஆபத்து. கச்சேரிக்குத் தயாராகும் பெண் நாள் முழுக்க ராகத்தையே நினைத்தால்? ஆய்வாளர்கள் சார்ல்டனும் டான்ஃபோர்த்தும் 2007இலேயே இதைச் சுட்டினார்கள்: ஓயாத நினைப்பு ஈடுபாட்டிலும் வரும், வாழ்க்கை குலைவது போன்றவைதான் அடிமைத்தனத்தின் அடையாளம்.

அந்த வகையில் உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை எவ்வளவோ மேல். கட்டுப்பாடு இழப்பது, மற்ற எல்லாவற்றுக்கும் மேலாக விளையாட்டு வந்துவிடுவது, கெடுதல் தெரிந்தும் தொடர்வது, இவற்றால் படிப்போ வேலையோ உறவோ கடுமையாகப் பாதிக்கப்படுவது. 2022 முதல் நடைமுறையில் உள்ள இதை, சாதாரணப் பிள்ளைகள் மீதும் முத்திரை விழும் என்று 2017இலேயே பல அறிஞர்கள் எதிர்த்தார்கள். அந்த அச்சம் நியாயமானது. ஆனாலும் உண்மையிலேயே தவிக்கிறவருக்குச் சிகிச்சை கிடைக்க நோய்க்கு ஒரு பெயர் வேண்டும். நோய்ப்பட்டியலில் சேர்த்தது சரி என்றே நினைக்கிறேன்.

எத்தனை மணி நேரம் ஆடுகிறார்கள் என்பதையும் பெரும்பாலும் ஆடுகிறவர்களின் ஞாபகத்திலிருந்தே வாங்குகிறோம். ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் நிறுவனங்களிடமிருந்தே ஆட்டநேரப் பதிவுகளைப் பெற்று, 2022இல் 38,935 பேரின் தரவை வெளியிட்டார்கள். ஆட்டநேரம் மனநலத்தை மாற்றியதற்குப் பெரிதாகச் சான்றில்லை. அருமையான வேலை. ஆனால் அது சராசரி. தூங்காமல் கிடக்கும் ஒருவன் சராசரிக்குள் காணாமல் போய்விடுவான்.

துக்கம் முதலில் வந்ததா, விளையாட்டா? ஒரே நாளில் நிரப்பிய தாள் இதைச் சொல்லாது. அதே பிள்ளையை ஆண்டுக்கணக்கில் பின்தொடர வேண்டும்.

“போனைப் பிடுங்கி வெச்சிடவா?” என்றார் அவன் அம்மா.

“மொதல்ல அவனோட தூக்கத்துக்கு ஒரு டாக்டரப் பாருங்கக்கா” என்றேன்.