எல்லைக்கோட்டை வரைவது யார்?

தரக் கட்டுப்பாட்டுத் துறையில் வால்ட்டர் ஷூவார்ட் 1931இல் வெளியிட்ட ஆங்கில நூலைப் போற்றாதவர் இல்லை, படித்தவர்களோ சிலரே. குறை படிக்காதவர்களுடையது மட்டுமன்று. பெல் தொலைபேசி ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த இந்த இயற்பியலாளர், 1924இல் ஒரு பக்கக் குறிப்பில் சொன்ன கருத்தை இங்கே ஐந்நூறு பக்கங்களுக்கு விரித்திருக்கிறார். நடையும் கடினம்.

கருத்து எளியதே. எந்த உற்பத்தியிலும் தற்செயல் வேறுபாடு இருந்தே தீரும். சராசரிக்கு இருபுறமும் மூன்று திட்டவிலக்கத் தொலைவில் கோடு வரைக. அளவு கோட்டைத் தாண்டினால் காரணம் தேடுக, தாண்டாதவரை இயந்திரத்தைத் தொடாதிருக்க. இந்த 'மூன்று' கணிதம் விதித்த எண் என்று மாணவர் பலர் எண்ணுகின்றனர். ஷூவார்ட் அவ்வாறு கூறவில்லை. வீண் தேடலின் செலவையும் நடைமுறை அனுபவத்தையும் கருதியே அதைத் தேர்ந்தார். நூலின் நேர்மை இங்கேதான் தெரிகிறது. கிண்ணத்திலிட்ட 998 சில்லுகளிலிருந்து 4000 முறை எடுத்துக் குறித்த அட்டவணையும் அத்தகையதே. (எத்தனை பொறுமை!)

ஆனால் தொழிற்சாலைக்கு முதலில் தேவையான பாடம் வேறு. இலக்கு 10 மி.மீ.; ஏற்கத்தக்க வேறுபாடு இருபுறமும் 0.05 மி.மீ. என்று வாங்குபவர் விதிக்கிறார். இயந்திரத்தின் திட்டவிலக்கமோ 0.03 மி.மீ. சராசரி இலக்கிலேயே நின்றாலும் நூற்றுக்குப் பத்துத் தண்டுகள் கழிவாகும். தொழிலாளியைக் கடிந்து பயனில்லை. ஒவ்வொரு தண்டையும் அளந்து, கண்ட பிழையளவு இயந்திரத்தைத் திருப்பினால் சிதறல் 1.4 மடங்காகிவிடும். இப்படியொரு கணக்கை முதல் அத்தியாயத்திலேயே வைத்திருந்தால், நூல் மேற்பார்வையாளர் மேசைக்கும் போயிருக்கும்.