காதிப் கையில் செய்தி

உருதுவின் நஸ்தலீக் எழுத்து பார்க்கப் பார்க்கத் திகட்டாதது. சொல் வலப்புறம் உயரத்தில் தொடங்கி, இடப்புறமாகச் சரிந்து, வரியின் அடியில் வந்து அமர்கிறது. அடுத்த சொல் முந்தையதன் தோளுக்கு மேலிருந்து இறங்குகிறது. இந்த எழுத்தைக் கையாலேயே எழுதி அச்சேற்றும் நாளிதழ் என்று பெயர் வாங்கியது சென்னையின் ‘முசல்மான்’. திருவல்லிக்கேணி நெடுஞ்சாலையில் வாலாஜா பள்ளிவாசலுக்கு அருகே அதன் சிறிய அலுவலகம்.

1927இல் சையத் அஸ்மத்துல்லா நிறுவிய மாலை இதழ் இது. அவ்வாண்டு சென்னைக் காங்கிரஸ் மாநாட்டுக்குத் தலைமை வகித்த டாக்டர் எம்.ஏ. அன்சாரி தொடங்கி வைத்தார். பிறகு மகன் சையத் ஃபஸ்லுல்லா நடத்தினார். 2008இல் அவர் மறைந்ததும் பேரன் சையத் ஆரிஃபுல்லா பொறுப்பேற்றார்.

நான்கே பக்கங்கள். ஒரு பக்கம் எழுதக் காதிப் எனப்படும் கையெழுத்துக் கலைஞருக்குச் சுமார் மூன்று மணி நேரம் பிடிக்கும். காதிப்களில் பெண்களும் உண்டு. எழுதிய தாளைப் படமெடுத்து, தகட்டில் ஏற்றி, ஆஃப்செட்டில் ஓட்டுவார்கள்.

என்னைக் கட்டிப்போடுவது வரி முடியும் இடம். பத்தியின் இரு ஓரமும் நேராக நிற்க வேண்டுமென்றால் இயந்திரம் சொற்களுக்கிடையே வெள்ளையைத் திணிக்கும். காதிப் அப்படிச் செய்வதில்லை. இடம் மிஞ்சினால் ‘ஸீன்’ எழுத்தின் பல்லை மறைத்து, நீண்ட ஒரே இழுப்பாக ஆக்கிவிடுகிறார். இடம் போதாவிட்டால் கடைசிச் சொல்லை முந்தையதன் முதுகில் ஏற்றி வைக்கிறார். எதை நீட்டலாம், எதை நீட்டினால் அசிங்கம் என்பதற்கும் முறை உண்டு. பேனா முனை பதிக்கும் சாய்சதுரப் புள்ளிதான் எழுத்தின் உயரத்துக்கும் வளைவுக்கும் அளவுகோல். அந்தக் கணக்கையெல்லாம் மனத்துக்குள் போட்டுக்கொண்டே, அச்சு நேரம் நெருங்க நெருங்க, விலைவாசியையும் தேர்தலையும் எழுதுகிறார்கள். கலைக்கூடத்தில் சாவகாசமாக எழுதிய பலகையைவிட இந்த அவசரத்து அழகையே நான் உயர்வாக மதிக்கிறேன்.

1981இல் மிர்ஸா அகமத் ஜமீலின் ‘நூரி நஸ்தலீக்’ வந்தது. ஆயிரக்கணக்கான கூட்டெழுத்துகளை வரைந்து கணினிக்குக் கொடுத்த பேருழைப்பு அது. உருது இதழ்கள் பெரும்பாலும் அதன் வழியே போய்விட்டன. அந்த எழுத்துரு அழகுதான். ஆனால் அதில் ஒரு சொல் எத்தனை முறை வந்தாலும் ஒரே முகம். முசல்மானில் அதே சொல் தலைப்பில் கால்நீட்டிப் படுக்கும், இரண்டு வரி கீழே ஒடுங்கி உட்காரும்.

முதல் பக்கத்தின் மூலையில் கொஞ்சம் இடத்தைக் கடைசிவரை எழுதாமல் விட்டிருப்பார்கள். தாமதமாக வரும் முக்கியச் செய்திக்கு.