செடியின் பெயரால் துருவை அறிவது

புதுச்சேரிப் பகுதியின் கரியமாணிக்கம் பக்கத்து மல்லாட்டை (நிலக்கடலை) வயலில் துரு நோய் விழுந்தால் அதைக் கண்டுபிடிக்க நுண்ணோக்கி வேண்டாம். இலையின் அடிப்புறத்தில் செம்பழுப்புக் கொப்புளங்கள் தெரியும். தடவினால் விரலில் பொடி ஒட்டும். டிக்கா என்னும் இலைப்புள்ளி நோய் கண்ட இலை உதிரும். துரு கண்ட இலை காய்ந்தபின்னும் செடியிலேயே நிற்கும். செடி மல்லாட்டை என்றால் பூஞ்சை பக்சீனியா அராக்கிடிஸ்.

இப்படிச் செடியைக் கொண்டு துருவை அறிவதற்கு வலுவான காரணம் உண்டு. துருப்பூஞ்சை உயிருள்ள திசுவில் மட்டுமே வளரும். பெரும்பாலும் நெருங்கிய உறவுள்ள சில செடிகளையே பற்றும். உலகில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட துரு இனங்கள் இருக்க, செடியின் பெயர் தெரிந்ததுமே தேடல் சிலவற்றுக்குள் அடங்கிவிடுகிறது. வயலுக்கு இதைவிடச் சிக்கனமான வழி கிடையாது.

காட்டில் இதே வழி தடுமாற வைக்கிறது. புதுச்சேரிக்கு அருகிலுள்ள புத்துப்பட்டு ஐயனார் கோயில் காடு போன்ற வறண்ட பசுமைமாறாக் காடுகளில் மரமும் கொடியும் பின்னிக் கிடக்கின்றன. பூவில்லாத காலத்தில் கொடியின் பெயரைச் சொல்வதே கடினம். அது தவறினால் துருவின் பெயரும் தவறிவிடும். ஆனால் அதைவிடப் பெரிய குறை வேறொன்று. புதிய செடியில் கண்டதாலேயே புதிய துரு என்றும், அறிந்த செடியில் கண்டதாலேயே பழைய துரு என்றும் முடிவுகட்டும்போது, நிரூபிக்க வேண்டியதையே ஆதாரமாக்கிவிடுகிறோம்.

இலங்கைக் காபித் தோட்டங்களின் கதை இங்கே பொருந்தும். 1869-இல் பெர்க்லியும் புரூமும் ஹெமிலேயா வாஸ்டாட்ரிக்ஸ் என்று பெயரிட்ட துரு, தமிழ்த் தொழிலாளர்கள் உழைத்த அந்தத் தோட்டங்களை அழித்தது. அது உள்ளூர்க் காட்டிலிருந்து வந்ததா? காபிக் குடும்பத்தைச் சேர்ந்த காந்தியம் செடியிலும் ஹெமிலேயா இருந்தது. நம் புதர்க்காடுகளின் காரைச்செடியும் காந்தியமே. இரண்டும் ஒரே துருவா என்பதைச் செடிகளின் உறவுமுறையைக் கொண்டு ஊகிக்க முடியாது. காந்தியத்தில் கண்டது இன்று ஹெமிலேயா காந்தியை என்ற தனி இனம்.

பின் எதை நம்புவது? துருப்பூஞ்சையின் வித்து வகைகளில் ஒன்றான டீலியோஸ்போரை. அது இரண்டு செல்லாக இருந்தால் பக்சீனியா, ஒரு செல்லாக இருந்தால் யூரோமைசிஸ் என்பது அடிப்படைப் பாகுபாடு. வெப்பமண்டலத்தில் பல துருக்கள் யூரிடோஸ்போர் என்ற மற்றொரு வகை வித்தை மட்டும் ஆண்டு முழுவதும் கொட்டிக்கொண்டிருக்கும். ஒருமுறை போய் இலை பறித்து வருபவருக்கு டீலியோஸ்போர் கிடைக்காமல் போவதே வழக்கம். ஒரே செடிக்குப் பருவம் மாறும்போதெல்லாம் திரும்பிச் செல்வதே இந்த வேலையின் உயிர் என்று நினைக்கிறேன். அதற்குத்தான் யாரும் நிதி ஒதுக்குவதில்லை.

டீலியோஸ்போர் கிடைக்காத குறையை டிஎன்ஏ தீர்த்துவிடும் என்பது பாதி உண்மை. ஒப்பிட்டுப் பார்க்க, சரியாகப் பெயரிட்ட மாதிரியின் வரிசை தரவுத்தளத்தில் இருக்க வேண்டும். நம் காட்டுத் துருக்கள் பலவற்றுக்கு அது இல்லை. கொப்புளத்திலேயே வேறொரு பூஞ்சை ஒட்டுண்ணியாக வாழ்ந்தால், படிப்பது அதன் டிஎன்ஏவாகவும் இருக்கலாம்.

மைக்கேனியா என்னும் களைக்கொடியை ஒடுக்க 2006-இல் கேரளத்தில் பக்சீனியா ஸ்பெகாசினி என்ற துருவை வெளியிட்டவர்கள், அது வேறு செடிகளைப் பற்றாது என்று வெறுமனே நம்பிவிடவில்லை. பல செடிகளில் ஏற்றிச் சோதித்த பிறகே விட்டார்கள். கோயில் காட்டின் ஒவ்வொரு துருவுக்கும் அந்தச் சோதனை இயலாது. ஆனால் பூத்த கிளையைப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் உலர்தாவரத் தொகுப்பிலும், துரு பிடித்த இலையை டில்லியிலுள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் பூஞ்சைத் தொகுப்பிலும் சேர்த்து, ஒன்றின் எண்ணை மற்றதில் குறிப்பது இயலும். அப்படிச் சேர்க்காத துருவுக்குப் பெயர் வெளியிடக் கூடாது.