எண் சொன்னதை எழுத்து மறுத்தது

1925-ஆம் ஆண்டில் வெளிவந்த ஒரு நூலை இப்போது திறனாய்வுக்கு எடுத்துக்கொள்வது வாசகர்களுக்கு வியப்பாக இருக்கலாம். அறிவியல் நூல்கள் விரைவில் பழமையாகிவிடும் என்பது உண்மையே. ஆனால், செசிலியா பெய்ன் என்னும் பெண்மணி தம் 25-ஆம் வயதில், டாக்டர் பட்டத்துக்காக ஆங்கிலத்தில் எழுதிய 'விண்மீன் வளிமண்டலங்கள்' என்ற நூல், தன் சிறப்பாலும் தன் குறையாலும் இன்றும் மாணவர்களுக்குப் பாடம் சொல்லுகிறது.

நூலின் பொருள் என்ன? தொலைநோக்கி திரட்டித் தரும் விண்மீன் ஒளியை முப்பட்டகத்தின் வழியே செலுத்தினால், வானவில் போன்ற நிறமாலை விரிகிறது. அதன் குறுக்கே கருங்கோடுகள் பல காணப்படும். ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய கோடுகளை உண்டாக்கும் என்பதைக் கிர்க்காஃப், புன்சன் ஆகிய ஜெர்மானிய அறிஞர்கள் 1859-60-இல் நிலைநாட்டினர். அப்படியானால், கோடு அழுத்தமாக இருக்கும் தனிமமே அங்கு மிகுதி என்று நினைப்பது இயல்புதானே? சூரிய நிறமாலையில் கால்சியம், இரும்பு ஆகியவற்றின் கோடுகள் எடுப்பாகத் தெரிகின்றன. எனவே சூரியனும் ஏறத்தாழ பூமியைப் போன்ற பொருள்களால் ஆனது என்றே அக்காலத்தில் பலரும் கருதினர்.

இந்த எண்ணத்தை அசைத்ததே நூலின் பெருமை. நம் நாட்டு அறிஞர் மேகநாத சாகா 1920-இல் வெளியிட்ட அயனியாக்கச் சமன்பாட்டை, ஹார்வர்டு வானாய்வகத்தில் சேர்ந்திருந்த நிறமாலைப் படங்களோடு பொருத்திப் பார்த்தார் ஆசிரியை. கோட்டின் அழுத்தம் அணுக்களின் எண்ணிக்கையை மட்டும் பொறுத்ததன்று, வெப்பநிலையையும் பொறுத்தது.

இன்றைய எண்களைக் கொண்டு நீங்களே இதைக் கணக்கிடலாம். சூரியனின் மேற்பரப்பு வெப்பநிலை சுமார் 5,500 டிகிரி செல்சியஸ். அங்கே 20 கோடி ஹைட்ரஜன் அணுக்களை எடுத்துக்கொண்டால், எலக்ட்ரான் இரண்டாம் ஆற்றல் மட்டத்தில் இருந்து, கண்ணுக்குத் தெரியும் ஒளியில் கோடு உண்டாக்க வல்லது ஏறக்குறைய ஒரே ஓர் அணுதான். அந்த 20 கோடியோடு கலந்துள்ள கால்சியம் அணுக்களோ சுமார் 400 மட்டுமே. ஆனால் அவற்றுள் பெரும்பாலானவை ஓர் எலக்ட்ரானை இழந்து, ஊதாப் பகுதியில் கோடு உண்டாக்கத் தயாராக நிற்கின்றன. ஊர் முழுதும் வாய்மூடி இருக்க, நானூறு பேர் மட்டும் கூவினால், ஊரில் இருப்பவர்களே அவர்கள்தாம் என்று வெளியே நிற்பவன் எண்ணுவான் அல்லவா?

பெய்ன் 18 தனிமங்களின் அளவைக் கணக்கிட்டார். உலோகங்களைவிட ஹைட்ரஜன் ஏறத்தாழ பத்து லட்சம் மடங்கு மிகுதி என்று வந்தது. ஹீலியமும் மிக அதிகம்.

நூலின் குறை இங்கேதான் தொடங்குகிறது. பிரின்ஸ்டன் பேராசிரியர் ஹென்றி நாரிஸ் ரஸல் இம்முடிவு இருக்கவே முடியாதது என்று கருத்துத் தெரிவித்தார். விளைவு, ஹைட்ரஜன், ஹீலியம் பற்றிய எண்கள் பெரும்பாலும் உண்மையாக இரா என்று ஆசிரியையே நூலில் எழுதிவிட்டார். கணக்கில் பிழை இன்னதென்று நிறுவாமலே, கணக்கின் விடை கைவிடப்பட்டது. 1929-இல் அதே ரஸல், வேறு வழியாக அதே முடிவுக்கு வந்தார். பெய்னின் ஆய்வையும் தம் கட்டுரையில் குறிப்பிட்டார். சூரிய நிறையில் ஏறத்தாழ முக்கால் பங்கு ஹைட்ரஜன், கால் பங்கு ஹீலியம் என்பது இன்று உறுதியான செய்தி.

இதற்காக ரஸலை வில்லனாக்குவது நியாயமன்று. மற்றத் தனிமங்களின் விகிதம் பூமியோடு ஒத்துவந்தபோது, இரண்டு மட்டும் விலகியது ஐயத்தை எழுப்பத்தான் செய்யும். ஆசிரியையைக் கோழை என்பதும் தவறு. சொல்லால் மறுத்தாரே தவிர, எண்ணை அட்டவணையிலிருந்து அவர் அழிக்கவில்லை. பின்வந்தோர் உண்மையை அங்கே காண முடிந்தது.

மாணவர்களே, ஆய்வுக்கூடத்தில் உங்களுக்குக் கிடைத்த அளவு பாடநூலோடு ஒத்துவராதபோது, ரப்பரை எடுக்கத்தான் கை போகும். சற்றுப் பொறுங்கள். பிழையைத் தேடுங்கள், மீண்டும் அளந்து பாருங்கள். பிழை அகப்படும்வரை அந்த எண் உங்கள் குறிப்பேட்டில் இருக்கட்டும்.