மந்திர நூலும் மலைநாட்டுச் சடங்கும்

கண்டி விகாரைகளிற் பிரித் ஓதியபின் அடியார் மணிக்கட்டிற் கட்டப்பெறும் வெண்ணூல், மகாவம்சத்தின் 7 ஆம் அதிகாரம் கூறும் மந்திர நூலை நினைவூட்டும். இலங்கையிற் கரையேறிய விசயனுக்கும் தோழர்க்கும் துறவி வடிவில் வந்த தெய்வமொன்று நீர் தெளித்துக் கையில் நூல் கட்டிற்று. இயக்கியாகிய குவேனி தோழரைப் பற்றினாள். நூலின் ஆற்றலால் அவளுக்கு அவரை உண்ண இயலவில்லை. ஆயினும் பிலத்தில் எறிந்தாள். உயிரைக் காத்த நூல் சிறையைத் தடுத்திலது. இவ்வெல்லையே கதைக்கு உயிராகும்.

மணிமேகலையின் அமுதசுரபியும் இத்தகையதே. அள்ளக் குறையாத அப்பாத்திரமும் உண்பார் இன்றேற் பயனற்றதாகும். ஆபுத்திரனது துயரம் ஈண்டுப் பிறக்கின்றது.

நூல் காவாத இடத்தைச் சூளுரை காத்தல் வேண்டும். மகாவம்சத்தில் விசயன் குவேனியைச் சூளுரைக்கச் செய்து தோழரை மீட்டான். பின்னர் மதுரைப் பாண்டியன் மகளை மணத்தற்பொருட்டு அவளைத் துறந்தான். அவள் மக்கள் இருவரும் மலையம் எனப்பெறும் மத்திய மலைநாட்டில் வாழ்ந்தனர் என்ப. அம்மலைநாட்டில், கண்டிப் புறத்து ஊர்களில் நிகழும் கொகொம்ப கங்காரியச் சடங்கின் மூலக்கதை வேறுபடுகின்றது. அதன்கண் சூள் பிறழ்ந்தவன் விசயனே. அப்பழி அவன் தம்பி மகனாகிய பண்டுவாசுதேவனை நோயாய்ப் பற்றிற்று. அந்நோய் நீக்கவே ஆடலும் பாடலும் எழுந்தன.

வரலாற்று நூல் வென்றவன் பக்கம் நின்றது. சடங்கோ கைவிடப்பட்டவள் பக்கம் நின்றது. மந்திர நூல் இயக்கியின் பசியைத் தடுத்தது; கட்டியவன் செய்த பிழையைத் தடுத்திலது. இவ்வுண்மையை உணர்த்துவதிற் கண்டிச் சடங்கே மகாவம்சத்தினும் விஞ்சி நிற்கின்றது.