வேதியர் ஒழுக்கமும் நம் மறையுரைகளும்

வீரமாமுனிவர் என்றவுடன் நம் நாவில் வந்து நிற்பது தேம்பாவணி. 1726-இல் நிறைவுற்ற அக்காப்பியத்தின் 3615 செய்யுள்களையும் கற்றோர் நம்முள் எத்தனை பேர் என்பது வேறு வினா. அடுத்த ஆண்டே அவர் இயற்றிய 'வேதியர் ஒழுக்கம்' என்னும் உரைநடை நூலின் பெயரைக்கூட நம்மவர் பலர் அறியார். சென்னைக் கடற்கரையில் 1968-இல் அவருக்குச் சிலை எடுத்தோம். புலவரைப் போற்றிய நாம் போதகரை மறந்தோம்.

வேதியர் யார்? குரு அல்லர், துறவியும் அல்லர். பரந்து கிடந்த மதுரை மறைத்தளத்தில் குருவானவர் ஓர் ஊருக்கு ஆண்டில் சில நாட்களே வர இயலும். எஞ்சிய நாட்களில் செபம் கற்பித்தவரும், இறக்கும் தறுவாயில் இருந்தோரின் அருகே அமர்ந்தவரும், ஆபத்து வேளையில் திருமுழுக்கு அளித்தவரும் வேதியரே. அவர்தம் கடமையையும் நடத்தையையும் உணர்த்தவே முனிவர் இந்நூலை எழுதினார். அதன் நடை எளியதன்று; ஆயினும் தம்மைக் கேட்பவர் யார், அவர் நாளை எந்த ஊரில் என்ன செய்ய வேண்டும் என்பதை ஆசிரியர் ஒருபோதும் மறப்பதில்லை. ஆன்மாக்களின் மீது அவர் கொண்ட வேட்கையும், அவர் எய்த விரும்பிய நோக்கமும் இங்கே ஒரே சொல்லில் கலந்து நிற்கின்றன. தேம்பாவணியில் நாம் வியக்கிறோம், இந்நூலிலோ பணிக்கப்படுகிறோம். 1773-இல் இயேசு சபை கலைக்கப்பட்டு, 1830-களின் இறுதியில் அச்சபையினர் திரும்பும் வரை, குருக்கள் அருகிய ஊர்களில் விசுவாசம் அணையாது நின்றதில் வேதியருக்குப் பெரும்பங்கு உண்டு.

இனிக் காவிரியைக் கடந்து திருவரங்கம் செல்வோம். தேம்பாவணிக்கு வழிகாட்டிய கம்பனின் காவியம் அரங்கேறியதாக மரபு கூறும் மண்டபம் அங்கே உள்ளது. ஆனால் நம் போதகர்கள் கருத வேண்டியது மார்கழியில் அங்கு நிகழும் அரையர் சேவையை. பாசுரத்தைப் பாடி, அபிநயித்து, உரையும் சொல்வர் அரையர். தலைமுறை தலைமுறையாகப் பயின்று வரும் கலை அது. உணர்ச்சி என்பது அந்நேரத்தில் தானே பொங்கி வருவது என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். பயிற்சியும் உணர்ச்சியும் பகையல்ல என்பதற்கு அரையரே சான்று.

நம் நிலை என்ன? ஞாயிறு மறையுரையில் சற்று முன் வாசித்த நற்செய்தியே மீண்டும் கதையாகச் சொல்லப்படுகிறது. பிறகு திருவிழா வரி. தியானக் கூட்டங்களிலோ ஒலிபெருக்கி அதிர்கிறது, கண்ணீர் பெருகுகிறது. அக்கண்ணீரை நான் இகழவில்லை. ஆற்றுவார் இல்லாத துயரங்கள் நம் மக்களுக்கு உண்டு. ஆனால் வீடு திரும்பியவர் மறுநாள் யாரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும், யாருக்கு நிறுத்தி வைத்த கூலியைக் கொடுக்க வேண்டும் என்பதை எவரும் சொல்லவில்லையே!

நம் திருச்சியிலேயே ஓர் உரைகல் உண்டு. மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் தலித் கிறிஸ்தவரின் கல்லறைகளைப் பிரித்து எழுப்பப்பட்ட சுவர் நாடறிந்த செய்தி. ஒரே அப்பத்தில் பங்குகொண்டோர் மண்ணில் மட்டும் பிரிந்து கிடப்பதைக் குறித்து நம் பங்குகளில் எத்தனை மறையுரைகள் நேரே பேசின? வீரமாமுனிவரின் காலத்து மறைத்தளமும் சாதி வரம்பை ஏற்று நடந்ததே என்பதையும் இங்கு மறைப்பதற்கில்லை. அவ்வகையில் 'வேதியர் ஒழுக்கம்' நமக்கு முழு வழிகாட்டி ஆகாது.

ஞாயிறு திருப்பலியில் தக்க காரணமின்றி மறையுரையை விடலாகாது என 1963-இல் வத்திக்கான் சங்கம் பணித்தது. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2013-இல் வெளியிட்ட 'நற்செய்தியின் மகிழ்ச்சி' மடலில், மறையுரை சுருக்கமாக இருக்கவும், இறைவார்த்தை முதலில் போதகரையே ஊடுருவவும், அவர் மக்களுக்குச் செவிசாய்க்கவும் வேண்டினார்.

1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் மறையுரையைத் திருநிலைப்பட்டோருக்கே உரியதாக்குகிறது. அதனால் பொதுநிலையினராகிய நமக்கு வேலை இல்லை என்றாகிவிடாது. மறைக்கல்வி வகுப்பும் அன்பியமும் இன்று வேதியர் நின்ற இடங்களே. வரும் ஞாயிறு நற்செய்தியைச் சனிக்கிழமை மாலையே அன்பியத்தில் வாசித்து, அது தம் தெருவில் எங்கே சுடுகிறது என்று மக்கள் சொல்வதைப் பங்குத்தந்தை அமர்ந்து கேட்கலாம். கால் மணி நேரம் போதும்.