1 வெள்ளி 99 காசு: யாருக்கு, எவ்வளவு?

2025 செப்டம்பர் 30 முதல் நம் மலேசியப் பெட்ரோல் நிலையங்களில் ரோன்95 பெட்ரோலுக்கு இரண்டு விலை. தகுதியுள்ளவர் மைகாட் அடையாள அட்டையைக் கருவியில் செருகினால் லிட்டர் 1 வெள்ளி 99 காசு. தகுதி இல்லாதவருக்கு, திட்டம் தொடங்கிய அன்றைய விலைப்படி, 2 வெள்ளி 60 காசு. பூடி95 என்று இதற்குப் பெயர். ஆதரிப்பவர்கள் இதை வரலாற்றுச் சாதனை என்கிறார்கள், எதிர்ப்பவர்கள் கண்துடைப்பு என்கிறார்கள். எதற்காகக் கொண்டுவந்தார்கள், அதைச் செய்கிறதா, யார் பைக்கு எவ்வளவு போகிறது என்று பார்த்தால் இரண்டு பேச்சும் நிற்காது.

இந்த நாட்டில் பெட்ரோல் விலையைச் சந்தை முடிவு செய்ததே இல்லை என்று சொல்லிவிடலாம். 1983 முதல் ‘தானியங்கி விலை முறை’ ஒன்று இருக்கிறது. சிங்கப்பூர்ச் சந்தை விலை, கொண்டுவரும் செலவு, எண்ணெய் நிறுவனத்தின் பங்கு, நிலையம் நடத்துகிறவரின் பங்கு எல்லாவற்றையும் கூட்டுவார்கள். கூட்டிவரும் தொகை அரசு அறிவித்த விலையைவிட அதிகமானால் மிச்சத்தை அரசு மானியமாகக் கட்டும். பெயரில்தான் தானியங்கி, பொத்தான் அமைச்சரவையின் கையில்.

அந்தப் பொத்தானை எப்போது அழுத்தினார்கள் என்று பார்த்தால் அரசியல் தெரியும். 2008 மார்ச் தேர்தலில் மூன்றில் இரண்டு பெரும்பான்மையை இழந்த அப்துல்லா படாவி அரசு, அதே ஆண்டு ஜூன் 5-இல் பெட்ரோலை 1.92-இலிருந்து 2.70-க்கும் டீசலை 1.58-இலிருந்து 2.58-க்கும் ஒரே இரவில் ஏற்றியது. அதற்கு முந்தின மாலை பெட்ரோல் நிலையங்களில் நின்ற வரிசையை அந்த வயதுக்காரர்கள் இன்னும் மறக்கவில்லை. பணவீக்கம் 8 விழுக்காட்டைத் தாண்டியது. நஜிப் அரசு இதில் சாமர்த்தியமாக நடந்தது. உலகச் சந்தையில் எண்ணெய் சரிந்துகொண்டிருந்த நேரம் பார்த்து, 2014 டிசம்பர் 1-இல் மானியத்தை அடியோடு எடுத்தது. அன்று பெட்ரோல் விலை ஏறாமல் சற்று இறங்கியதால் யாருக்கும் வலிக்கவில்லை. ஆனால் 2018 தேர்தலில் பெட்ரோல் மறுபடி மேடையேறியது. ஆட்சி மாறியது, ரோன்95 விலை 2.20-இல் நிறுத்தப்பட்டது. 2021-இல் உச்சவரம்பு 2.05 ஆனது. நான்கு ஆண்டுக்கு மேல் உலகில் என்ன நடந்தாலும் நமக்கு 2.05-தான்.

தேர்தல் பார்த்து விலையை நிறுத்துவது நமக்கு மட்டும் உரிய அதிசயமல்ல. இந்தியா 2010-இல் பெட்ரோல் விலையையும் 2014-இல் டீசல் விலையையும் சந்தையிடம் விட்டுவிட்டதாக அறிவித்தது. ஆனாலும் 2022 தொடக்கத்தில் உத்தரப் பிரதேசம் உள்ளிட்ட மாநிலத் தேர்தல்கள் முடியும்வரை நான்கு மாதத்துக்கு மேலாக விலை நகரவில்லை.

நாம் 2.05-இல் நின்றதற்கு என்ன விலை கொடுத்தோம்? உக்ரைன் போர் மூண்ட 2022-இல் பெட்ரோல், டீசல், சமையல் எரிவாயு மானியம் 50 பில்லியன் வெள்ளியைத் தாண்டியது. அதே ஆண்டு தேசிய எண்ணெய் நிறுவனமான பெட்ரோனாஸ் அரசுக்குக் கொடுத்த ஈவுத்தொகை 50 பில்லியன். கடலுக்கடியிலிருந்து எடுத்த செல்வத்தின் ஓராண்டு வருமானம் அப்படியே கார்களின் புகைக்குழாய் வழியே போயிற்று. அதில் தாய்லாந்து எல்லை தாண்டிய டீசலும் உண்டு, 2010-லிருந்தே தடை இருந்தும் ரோன்95 நிரப்பிச் சென்ற வெளிநாட்டு எண்பலகை வண்டிகளும் உண்டு. எனவே மானிய ஒழுகலை அடைக்க வேண்டும் என்ற அரசின் வாதத்தை மறுக்க எனக்கு ஒன்றும் இல்லை.

முதல் சோதனை டீசலில் நடந்தது. டீசல் மானியம் 2019-இல் 1.4 பில்லியனாக இருந்து 2023-இல் 14.3 பில்லியனானது என்றும், டீசல் வண்டிகளோ ஏறத்தாழ 3 விழுக்காடுதான் கூடின என்றும் அரசு சொன்னது. கடத்தலுக்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். 2024 ஜூன் 10-இல் தீபகற்பத்தில் டீசல் 2.15-இலிருந்து 3.35 ஆனது. சபா, சரவாக், லாபுவானில் பழைய விலை நீடித்தது. கிள்ளான் துறைமுகத்துக் கொள்கலன் லோரிகளுக்கும் பள்ளிப் பேருந்துகளுக்கும் மானிய விலை டீசலுக்கான தனி அட்டை வந்தது, தகுதியுள்ள தனிநபர்களுக்கு மாதம் 200 வெள்ளி. விலைவாசி பறக்கும் என்று பயந்தோம். ஆனால் 2024 முழு ஆண்டின் பணவீக்கம் 1.8 விழுக்காடுதான். அரசுக்கு இதில் முழு மதிப்பெண் தரலாம். ஒரு குறையையும் சொல்ல வேண்டும்: கிள்ளானின் தெங்கு கிளானா சாலையில் காய்கறியும் பூவும் இறக்கும் சிறு வேன்காரர் ‘டீசல் ஏறிடுச்சு’ என்று கூட்டிய வாடகை, 2025-இல் டீசல் 3 வெள்ளிக்குக் கீழே இறங்கிய பிறகும் இறங்கவில்லை. எண்ணெய் விலையைக் கட்டுப்படுத்தும் அரசுக்கு, எண்ணெயைச் சாக்காக வைத்து ஏறும் விலை கைக்கு எட்டுவதில்லை.

டீசலில் பழகிய கையோடு பெட்ரோலுக்கு வந்தார்கள். 2024 அக்டோபரில் பட்ஜெட் வாசித்த பிரதமர் அன்வார், உயர் வருமானம் உள்ள 15 விழுக்காட்டினருக்கு மானியம் இராது என்றார். யார் அந்த 15 விழுக்காடு என்ற கேள்வி கிளம்பியது. கோலாலம்பூரில் வீட்டுக்கடனும் கார்க்கடனும் கட்டும் இரட்டைச் சம்பளக் குடும்பம் பணக்காரக் குடும்பமா என்ற சண்டைக்கு விடை கிடைக்கவில்லை. கடைசியில் அந்த வடிகட்டியே கைவிடப்பட்டது. குடிமகனாக இருந்து ஓட்டுநர் உரிமம் செல்லுபடியானால் போதும், தொடக்கத்தில் மாதம் 300 லிட்டர்.

இங்கே பென்சிலை எடுங்கள். தொடக்க விலையில் லிட்டருக்குச் சலுகை 61 காசு. 300 லிட்டரையும் எரிப்பவருக்கு மாதம் 183 வெள்ளி. இரண்டு உரிமம், இரண்டு பெரிய கார் உள்ள பங்சார் வீட்டுக்கு 366 வரை. கிள்ளானிலிருந்து ஷா ஆலாம் தொழிற்சாலைக்கு மோட்டார் சைக்கிளில் போகிறவர் மாதம் 20 லிட்டர் அடித்தால் அவருக்கு 12 வெள்ளி 20 காசு. பிரிக்ஃபீல்ட்ஸ் அடுக்குமாடியில் தனியாக இருக்கும், உரிமமே எடுத்திராத விதவைத் தாய்க்கு ஒன்றுமில்லை. இலக்குசார் மானியம் என்று சொன்னது வெளிநாட்டவரையும் நிறுவனங்களையும் விலக்கியது, அவ்வளவுதான். ஏழையை அது தேடவே இல்லை.

நடைமுறையைப் பொறுத்தவரை இது சுலபமான திட்டம் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். மனு இல்லை, சம்பளச் சீட்டு இல்லை. 2022-இல் இலங்கையில் கியூ.ஆர். குறியீட்டைக் காட்டி மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லிட்டர் வாங்கினார்கள், அது எண்ணெயே இல்லாத நாட்டின் பங்கீடு. நம்முடையதில் எண்ணெய்க்குக் கட்டுப்பாடில்லை, சலுகைக்கு மட்டுமே அளவு. அந்த வித்தியாசத்தை மறந்து ‘ரேஷன் வந்துவிட்டது’ என்று கூப்பாடு போட்டவர்கள் மிகைப்படுத்தினார்கள்.

ஆனால் நம் சமூகத்துக்கு மட்டும் உறைக்கும் ஓர் ஓட்டை உண்டு. நிரந்தரவாசிகளுக்குத் தரப்படும் சிவப்பு அடையாள அட்டை. தோட்டத்தில் பிறந்து, பிறப்புப் பத்திரம் சரியில்லாமல் போய், நிரந்தரவாசியாகவே முதுமை எய்திய தமிழர்கள் இன்னும் இருக்கிறார்கள். ரப்பரும் செம்பனையும் இவர்கள் கையால் வளர்ந்தவை. பூடி95-இல் இவர்களும் நேற்று வந்திறங்கிய சுற்றுலாப் பயணியும் ஒரே விலை கட்டுகிறார்கள். கடத்தலைத் தடுக்கப் போட்ட வேலியில் இவர்களை வெளியே நிறுத்தியதற்குப் பொருளாதாரக் காரணம் எதுவும் கிடையாது.

மாற்று ஒன்று அரசின் கையிலேயே இருக்கிறது. 2025 ஆகஸ்ட் 31-இல் 18 வயது நிரம்பிய ஒவ்வொரு குடிமகனின் மைகாட்டிலும் சாரா என்னும் அடிப்படைப் பொருள் உதவியாக 100 வெள்ளி ஏற்றினார்கள். கார் இருக்கிறதா, உரிமம் இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை. அதே அட்டைதான். லிட்டரைக் குறைத்து வெள்ளியைக் கூட்டினால் விதவைத் தாய்க்கும் பங்கு வரும். கார் இல்லாமல் வாழ வழி செய்வது இன்னொரு கடமை. 2024-இல் ஓட வேண்டிய ஷா ஆலாம் எல்ஆர்டி தடத்தின் தேதி தள்ளித் தள்ளிப் போனதில், கிள்ளான்வாசிக்குக் கூட்டரசு நெடுஞ்சாலை நெரிசலில் பெட்ரோல் எரிப்பதைத் தவிர வேறு வழி அதிகம் இருக்கவில்லை.

என் தீர்ப்பு இது: ஒழுகலை அடைக்கும் திட்டமாகப் பூடி95 தேறிவிட்டது, மக்கள் நலத் திட்டமாகத் தேறவில்லை. அடுத்த பட்ஜெட்டுக்கு முன் நம் இந்திய வம்சாவளி நாடாளுமன்ற உறுப்பினர்கள் இரண்டு கோரிக்கைகளையாவது மேசையில் வைக்க வேண்டும். சலுகை அளவைத் தொடக்கத்து 300 லிட்டரின் பாதியாக்கி, மிச்சமாகும் பணத்தைச் சாரா கணக்கில் ஏற்றுங்கள். சிவப்பு அட்டைக்காரருக்கும் 1.99-ஐத் திறந்துவிடுங்கள்.